2016 வறட்சி ஆண்டா? பல துறை ஆய்வுக் குழுக்களைக் குழப்பும் எளிய சொற்கள்

தமிழ்நாட்டில் 2016 வறட்சி ஆண்டா என்று ஒரு விவசாயியிடம் கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கமான 440 மில்லிமீட்டருக்குப் பதில் 170 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்தது. 62 சதவீதம் குறைவு. இதே கேள்வியைப் பல துறையினர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆய்வுக் குழுவில் கேட்டால் ஒரே பதில் வராது. அகில இந்தியப் பருவமழைத் தரவோடு வந்தவர் "2016 இயல்பான ஆண்டு" என்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை அந்த ஆண்டு நாட்டளவில் நீண்டகாலச் சராசரியில் 97 சதவீதம். அவர் கணக்கு அது. அரசாணைகளைப் படிப்பவருக்கு வறட்சி வந்தது 2017இல். 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரி 10 அன்றுதான் வெளியானது. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் வேலை செய்பவருக்கு அது 1426ஆம் பசலி, அதாவது 2016 ஜூலை முதல் 2017 ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு.

இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. எல்லாருடைய தரவையும் ஒரே எக்செல் தாளில் சேர்த்து, 'ஆண்டு' என்ற நெடுவரிசையில் 2016 என்று தட்டும்போதுதான் தவறு நடக்கிறது. தமிழ்நாட்டு ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே 'ஆண்டு' என்பதற்கு நான்கு கணக்குகள் உண்டு: நாட்காட்டிக்கு ஜனவரி முதல் டிசம்பர், நிதியாண்டுக்கு ஏப்ரல் முதல் மார்ச், பசலிக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30, நீரியல் ஆய்வுகளில் பெரும்பாலும் ஜூன் முதல் மே. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடு பசலியைப் பின்பற்றுகிறது. நவம்பரில் மழை பொய்த்துப் பிப்ரவரியில் தாளடி நெல் கருகினால், பசலிக் கணக்கில் இரண்டும் ஒரே ஆண்டில் வரும். நாட்காட்டிக் கணக்கில் காரணம் ஒரு வரியிலும் விளைவு அடுத்த வரியிலும் போய் விழும். பிறகு மழைக்கும் விளைச்சலுக்கும் பெரிய தொடர்பில்லை என்று மென்பொருள் சொல்லும். கொடுத்ததைத்தான் அது கூட்டிப் பெருக்குகிறது.

யாரும் கேட்காத சொற்கள்

பல துறை ஆய்வென்றதும் எல்லாரும் பயப்படுவது வாயில் நுழையாத கலைச்சொற்களுக்கு. உண்மையில் அவற்றால் அதிகக் கேடில்லை. 'நீராவிப்போக்கு' என்று ஒருவர் சொன்னால், தெரியாதவர் அங்கேயே கையை உயர்த்திக் கேட்டுவிடுவார். இரண்டு நிமிடத்தில் தீரும். ஆண்டு, நாள், மட்டம், பாதிப்பு, ஆபத்து போன்றவற்றை யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

'நாள்' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது, அளந்த தேதியே மழையின் தேதி. 2015 டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று இருப்பது, முதல் தேதி காலையிலிருந்து பெய்த மழை. மருத்துவமனையின் நோயாளிப் பதிவோ, ஆற்றின் நீர்வரத்துப் பதிவோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை இருந்தால், தேதியை வைத்து இரண்டையும் இணைக்கும்போது ஏறத்தாழ ஒரு நாள் பிசகும். மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததுபோல் தெரியும். இதைச் 'சரிசெய்ய' யாராவது கணினி மாதிரியின் அளவுருக்களைத் திருகத் தொடங்கினால் ஒரு மாத வேலை வீண்.

நிலத்தடி நீர்மட்டம் இன்னொரு கண்ணி. ஒருவர் தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று அளப்பார். இன்னொருவர் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுதுவார். முதல் கணக்கில் எண் கூடினால் கிணறு வற்றுகிறது, இரண்டாவதில் எண் கூடினால் கிணறு நிரம்புகிறது. 'மட்டம் 4 மீட்டர் கூடியது' என்ற வாக்கியம் அறிக்கையில் வந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

களத்துக்குப் போனால் அலகுகளே பேசும் மொழியாகிவிடும். தஞ்சைப் பகுதியில் நிலத்தை 'மா' கணக்கில் சொல்வார்கள்: 1 மா ஏறக்குறைய 33 சென்ட், 20 மா 1 வேலி. விளைச்சலை 'மாவுக்கு இத்தனை மூட்டை' என்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. தனியார் வியாபாரியின் மூட்டை 60 கிலோவுக்கு மேலும் போகும். மூட்டையின் எடையைக் கேட்டுக் குறிக்காத கேள்வித்தாளின் விளைச்சல் எண்ணிக்கையை எக்டேருக்கு டன்னாக மாற்றினால், பிழை பாதிக்கு மேல் போய்விடும். ஒரே ஊரில் இரு தெருக்களில் எடுத்த கணக்கும் ஒட்டாது.

வறட்சிக்கு எத்தனை முகம்

வறட்சிக்கு வருவோம். டொனால்ட் வில்ஹைட், மைக்கேல் கிளான்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வறட்சிக்கான வரையறைகளைத் திரட்டியபோது, அச்சில் வந்தவை மட்டும் 150ஐத் தாண்டின. அவற்றை அவர்கள் நான்கு வகையாகப் பிரித்தார்கள்: வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி, சமூகப் பொருளாதார வறட்சி. இப்பிரிவு இன்றும் நிற்பதற்குக் காரணம், அது யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. எதை அளக்கிறோம் என்று மட்டும் பிரித்தது.

வானிலைக்காரருக்கு வறட்சி, பருவமழை நீண்டகாலச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே போவது. குறைவு 26 முதல் 50 சதவீதம் என்றால் மிதமான வறட்சி, 50க்கு மேல் கடும் வறட்சி. வேளாண்காரர் வேர்ப்பகுதி மண்ணில் உள்ள ஈரத்தைப் பார்ப்பார். மொத்த மழை சரியாக இருந்தும், பூக்கும் தருணத்தில் மூன்று வாரம் மழையில்லாவிட்டால் அவருக்கு அது வறட்சிதான். நீரியல்காரர் பார்ப்பது கண்மாயும் அணையும் கிணறும்; மழை பொய்த்துப் பல மாதம் கழித்தே அது அங்கே தெரியும், நல்ல மழை வந்த பிறகும் விலகச் சில காலம் எடுக்கும். பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலும் பார்க்கப்படுவது மழையே அல்ல: அறுவடைப் பரிசோதனையில், நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தியில், கிடைத்த விளைச்சல் அந்தப் பகுதிக்கு இழப்பீட்டு எல்லையாக வைத்த வரம்பு விளைச்சலுக்குக் கீழே போனதா என்பதுதான் அங்கே கேள்வி.

எனவே 'வறட்சி கிராமங்களில் இடம்பெயர்வு' என்று தலைப்பு வைத்த ஆய்வில், எந்த வறட்சி என்று முடிவு செய்யாமல் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொருவரும் வேறு வேறு பட்டியலோடு வருவார்கள். அகில இந்தியத் திட்டங்களில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. வடக்கே 'மழைக்காலம்' ஜூன் முதல் செப்டம்பர். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது. தேசியக் கணக்கின் காரீப், ரபி என்ற இரண்டு பயிர்ப் பருவக் கட்டங்களுக்குள் குறுவை, சம்பா, தாளடி என்ற நம் நெல் பருவங்களை அடைக்கப் பார்த்தால் சம்பா இரண்டு கட்டத்திலும் கால் வைத்துக்கொண்டு நிற்கும்.

சொல்லுக்குப் பின்னால் எண்

நன்றாக வேலை செய்யும் பொதுச்சொல் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் தினமும் கேட்கும் எடுத்துக்காட்டு வானிலை அறிக்கை. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ.; மிக கனமழை 115.6 முதல் 204.4, அதி கனமழை அதற்கும் மேல். ஆட்சியர் அலுவலகம், பொதுப்பணித் துறை, செய்தியாளர், வானிலையாளர் என நால்வரும் ஒரே எண்ணுக்கு ஒரே பெயர் சொல்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு சொல் தடுமாறுகிறது. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50 சதவீதம். கேட்பவர் காதில் ஓரிரு என்பது ஒன்று அல்லது இரண்டு. எண் இருக்கிறது, ஆனால் அறிக்கையில் இல்லை. வேறெங்கோ கையேட்டில் இருக்கிறது.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐ.பி.சி.சி. இதே பள்ளத்தில் விழுந்தது. அதன் அறிக்கைகளில் 'லைக்லி' (நடக்கக்கூடும்) என்றால் 66 முதல் 100 சதவீத நிகழ்தகவு, 'வெரி லைக்லி' (நடக்க மிகவும் கூடும்) என்றால் 90 முதல் 100. டேவிட் புடெஸ்கு குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வாசகர்களிடம் அந்த வாக்கியங்களைக் கொடுத்துச் சொல்லுக்கு ஈடான எண்ணைக் கேட்டார்கள். பலர் 'வெரி லைக்லி'யை 90க்கு வெகு கீழே வைத்தார்கள். வாக்கியத்துக்குள்ளேயே சொல்லோடு எண்ணையும் சேர்த்து அச்சிட்டபோது வித்தியாசம் குறைந்தது. அகராதியைப் பின்னிணைப்பில் போடுவதற்கும் சொல் வரும் இடத்திலேயே எண்ணைப் போடுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஒரே அறைக்குள் வேலை செய்தவர்கள்கூட இதில் தப்புவதில்லை. 1951இல் யுகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்கக்கூடும் என்று அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று எழுதப்பட்டது. அதில் 'சீரியஸ் பாசிபிலிட்டி' (கவனத்தில் கொள்ள வேண்டிய சாத்தியம்) என்று ஒரு சொற்றொடர். பின்னர் அதை எழுதிய குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட், தம் சகாக்களிடம் அந்தச் சொல்லுக்கு என்ன எண் மனதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். 20 சதவீதம் என்றவரும் இருந்தார், 80 என்றவரும் இருந்தார். எல்லாரும் ஒப்புக்கொண்டு வெளியிட்ட வாக்கியம் அது.

தமிழில் இதற்கு ஈடான பொறி 'வாய்ப்பு'. 'மழைக்கு வாய்ப்பு', 'வேலை வாய்ப்பு', 'இழப்புக்கு வாய்ப்பு' எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நிகழ்தகவைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பத்து ஆண்டில் மூன்று ஆண்டு' என்று எழுதுவதுதான் எங்கும் புரியும்.

பெயர் அதே, சூத்திரம் வேறு

எல்லாவற்றிலும் நுட்பமான சிக்கல், சொல்லின் பொருள் துறைக்குள்ளேயே காலப்போக்கில் மாறிவிடுவது. பருவநிலை ஆய்வில் 'எளிதில் பாதிப்படையும் தன்மை' என்ற கருத்து அப்படி மாறியது. ஐ.பி.சி.சி.யின் 2001, 2007 அறிக்கைகளில் அது மூன்றின் சேர்க்கை: ஆபத்து எட்டும் இடத்தில் இருப்பது, தாக்கத்தை உணரும் அளவு, சமாளிக்கும் திறன். 2012 சிறப்பறிக்கையிலும் 2014 அறிக்கையிலும் கணக்கு மாறியது. ஆபத்து எட்டும் இடத்தில் இருப்பது தனியே பிரிந்து, நிகழ்வு, அது எட்டும் இடத்தில் இருப்பது, எளிதில் பாதிப்படையும் தன்மை மூன்றும் சேர்ந்து 'இடர்' ஆனது.

இது வெறும் பெயர் விவகாரமல்ல. பழைய கணக்குப்படி மாவட்டக் குறியீட்டைத் தயாரித்தவர் அதில் கடலோரத்தில் வாழும் மக்கள்தொகையை ஏற்கெனவே சேர்த்திருப்பார். புதிய கணக்கைப் படித்த இன்னொருவர் அந்தக் குறியீட்டை வாங்கி இடர்ச் சூத்திரத்தில் போட்டு, மேலே மீண்டும் கடலோர மக்கள்தொகையைப் பெருக்குவார். ஒரே விஷயம் இரண்டு முறை எண்ணப்பட்டு, கடலோர மாவட்டங்கள் பட்டியலின் உச்சிக்கு ஏறும். உள்மாவட்டத்து மானாவாரி விவசாயி கீழே இறங்குவார். இரண்டு கோப்புகளிலும் நெடுவரிசையின் பெயர் ஒன்றுதான்.

இதைத் தமிழில் கேள்வித்தாளாக்கும்போது இன்னும் மோசமாகும். நம்மிடம் கைக்கெட்டும் சொல் 'பாதிப்பு'. நடந்த சேதமும் பாதிப்பு, விளைவும் பாதிப்பு, சேதமாகக்கூடிய நிலையும் பாதிப்பு. 'உங்கள் குடும்பத்துக்கு வறட்சியால் பாதிப்பு எவ்வளவு?' என்ற கேள்விக்குப் போன வருடம் செத்த ஆட்டைச் சொல்வார்கள். ஆய்வாளருக்கு வேண்டியது, அடுத்த வருடம் மழை பொய்த்தால் கடன் வாங்க யார் இருக்கிறார்கள் என்பது. இதற்கு நல்ல மொழிபெயர்ப்பைத் தேடி அலைவதைவிட அந்தச் சொல்லையே விட்டுவிட்டு இரண்டு கேள்வியாக உடைப்பது மேல்: போன முறை என்ன போயிற்று, அடுத்த முறை என்ன கையில் இருக்கிறது.

குழு செய்ய வேண்டியது

முதல் வேலை கூட்டம் போடுவதல்ல. ஆய்வு முன்மொழிவின் முதல் இரண்டு பக்கத்தை ஒவ்வொருவரும் தனியாக எடுத்து, முடிவுகளைத் தாங்கி நிற்கும் சொற்களைக் கோடிட வேண்டும். ஆறு பேர் குழுவில் 12 முதல் 15 சொற்கள் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியப் பொருள், எப்படி அளப்பேன், எந்த அலகில், ஓர் எடுத்துக்காட்டு, இதில் சேராத ஓர் எடுத்துக்காட்டு ஆகிய ஐந்தையும் மற்றவர்களுக்குக் காட்டாமல் எழுதித் தர வேண்டும். மூத்தவர் பேசி முடித்த பிறகு கேட்டால் எல்லாரும் அவர் சொன்னதையே சொல்வார்கள். காகிதத்தில் எழுதச் சொல்வதன் காரணம் அதுதான்.

பிறகு ஒருவர் அவற்றை அடுக்கிப் பார்த்தால் மூன்று குவியல் வரும். பெயர் வேறு, பொருள் ஒன்று: எளிது, ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளலாம். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சொல்: அவர் விளக்கிவிடலாம். பெயர் ஒன்று, பொருள் வேறு: கூட்டம் இதற்கு மட்டும்தான். ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் எடுத்தால் கடைசி இரண்டுக்கும் தலையாட்டல்தான் மிஞ்சும். நடத்துபவர் திட்டத் தலைவராக இருக்கக்கூடாது. இளையவர் முதலில் பேச வேண்டும். 'இதன் சரியான பொருள் என்ன' என்று கேட்டால் விவாதம் பாடப்புத்தகத்துக்குப் போய்விடும். 'நாளைக் காலை களத்துக்குப் போனால் எதை அளப்பீர்கள்' என்று கேட்டால் வேறுபாடு உடனே வெளியே வரும்.

சொற்களுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கைகள் மோதுவதும் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் உருவான 'டூல்பாக்ஸ்' முறை இதற்காகவே செய்யப்பட்டது. 'ஆய்வென்றால் கருதுகோளில் தொடங்கியே ஆக வேண்டும்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார் என்று மதிப்பெண் இட்டு, பேசி, மீண்டும் மதிப்பெண் இடுவார்கள். சமூகவியலாளரும் இயற்பியலாளரும் 'தரவு' என்ற சொல்லில் ஏன் முட்டிக்கொள்கிறார்கள் என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவு மூன்றில் ஒன்று: ஒரே பொருளுக்கு எல்லாரும் ஒப்புவது, அடைமொழி சேர்த்துப் பிரிப்பது, சொல்லைக் கைவிடுவது. மூன்றாவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல நேரம் அதுவே சிறந்தது. பிரிப்பதற்கு நல்ல முன்மாதிரி, 1998இல் ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் மரபணுத் தரவுத்தளங்கள் சேர்ந்து தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி என்ற பொதுச் சொற்தொகுப்பு. 'மொட்டு விடுதல்' ஈஸ்ட்டில் ஒன்று, செடியில் ஒன்று, முளைக்கும் பல்லில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் எந்த உயிரினத்துக்கு உரியது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தார்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது. காலாவதியான சொல்லை அழிப்பதில்லை, காலாவதி என்று குறித்து வைக்கிறார்கள்.

பதிவு இப்படி இருந்தால் போதும். சொல்: வடகிழக்கு மழைக்குறைவு ஆண்டு. பொருள்: அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை மாவட்ட மழை சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழ். சராசரிக் காலம்: 1971–2020. அலகு: மி.மீ., காலை 8.30 கணக்கு. சேராதவை: விளைச்சல் இழப்பு, கிணற்று நீர், அரசு அறிவிப்பு. எல்லையில் நிற்பது: இரண்டு மாதம் காய்ந்து, டிசம்பரில் ஒரே புயலில் சராசரியைத் தொட்ட ஆண்டு, இதில் சேராது. முடிவான தேதி, பதிப்பு எண். இதன் சுருக்கம் தரவுக் கோப்பின் நெடுவரிசைப் பெயரிலேயே இருக்க வேண்டும். 'வறட்சி' என்று ஒரு நெடுவரிசை இருந்தால் இத்தனை பாடும் வீண்.

எங்கே கெடுகிறது

மிகப் பொதுவான தோல்வி, 200 சொல் கொண்ட அழகான அகராதி. யாரும் திறக்க மாட்டார்கள். அடுத்தது, கணக்குப் போடும் துறையின் பொருள் மற்றவற்றை விழுங்குவது. கணினி மாதிரிக்குள் நுழையாத பொருளுக்கு இடமில்லை என்று சமூகவியலாளர் இரண்டாவது கூட்டத்திலேயே மௌனமாகிவிடுவார். அவர் சொன்ன பொருள் பதிவில் 'சேராதவை' வரியிலாவது நிற்க வேண்டும்.

எல்லாச் சொல்லையும் எல்லாரும் பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்பதும் மிகை. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1908இல் தொடங்கிய முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தை ஆராய்ந்த சூசன் லீ ஸ்டார், ஜேம்ஸ் கிரீஸ்மர் இருவரும் 1989இல் காட்டியது இது. இயக்குநர் ஜோசப் கிரின்னெல் பொறிவைத்து விலங்கு பிடிப்பவர்களுக்குச் சூழலியல் பாடம் நடத்தவில்லை. எங்கே, எப்போது, எந்த மாதிரி இடத்தில் பிடித்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். படிவம் பொது, நோக்கம் அவரவருக்கு. களப்பணியாளருக்கு 'எளிதில் பாதிப்படையும் தன்மை'யின் வரலாறு வேண்டாம். மூட்டையின் எடையை மறக்காமல் கேட்க ஒரு கட்டம் வேண்டும்.

வரையறை வேலை செய்கிறதா என்று பார்க்க, வேறு துறையைச் சேர்ந்த இருவரிடம் 40 கிராமக் குறிப்புகளைக் கொடுத்துத் தனித்தனியாக வகைப்படுத்தச் சொல்லலாம். 30இல் ஒத்துப்போனால் 75 சதவீதம், நன்றாகத்தான் தெரியும். ஆனால் இருவருமே நாலில் மூன்றை வறட்சி என்று குறிப்பவர்களாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 62.5 சதவீதம் ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா அளவு இங்கே 0.33தான். 0.6க்குக் கீழே வந்தால் ஆட்களைக் குறை சொல்லாமல், ஒத்துப்போகாத அந்தப் 10 குறிப்புகளையும் மேசையில் வைத்து வரையறையைத் திருத்த வேண்டும். வரையறை மாறினால் பதிப்பு எண்ணும் மாறும். பழைய நெடுவரிசையை அழிக்காமல், புதிய எண்ணோடு பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். புதிதாகக் குழுவில் சேருபவர் முதல் இரண்டு வாரத்தில் கேட்கும் சந்தேகங்களை ஒருவர் குறித்து வைத்தால், அடுத்த கூட்டத்துக்கான ஐந்து சொற்கள் அதிலேயே கிடைக்கும். மூன்றாவது வாரத்தில் அவரும் கேட்பதை நிறுத்தியிருப்பார்.